எம்ஜி காரும் எங்கூர் லேத்தும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன வாரம் உங்க வாசகர் கடிதத்துல ஒரு அய்யா எழுதியிருந்தாருங்க. நம்ம கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸ்ல பழைய கார் வரிசையா நின்ன போட்டோவ பாத்துட்டு, இதெல்லாம் பணக்காரங்க பந்தா, ரெண்டு பேருக்கு மேல ஒக்கார முடியாத, மழை பேஞ்சா நனையற, ஸ்பேர் கெடைக்காத வெள்ளைக்காரன் வண்டிக்கு இத்தன ஆர்ப்பாட்டமா, அடிமை புத்தி இன்னும் போகலியேன்னு. அவரு சொன்னதுல பாதி நெசம்தானுங்க. ரெண்டு பேருக்கு மேல ஒக்கார முடியாது, மழை பேஞ்சா நனையும், ரெண்டையும் ஒத்துக்கறேன். மிச்சப் பாதிக்குத்தான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போயிருச்சு, எடமில்லாம வெட்டறதுன்னா லேத் பத்தி எழுதுனத மட்டும் வெட்டிராதீங்க, மத்தத என்ன வேணா பண்ணிக்கோங்க.

மொதல்ல பணக்காரங்க சமாச்சாரம். கணபதில எங்கப்பா போட்ட லேத் பட்டறைய இப்ப நான் ஓட்டறனுங்க. பம்ப் ஷாஃப்ட், புஷ், புல்லி, வந்த வேலைய செய்யறது. எங்ககிட்ட இருக்கறது எம்ஜி டிசி, 1948 மாடல், ரெண்டு சீட்டு, தொறந்த வண்டி. காசு குடுத்து வாங்குனதுன்னு சொல்ல முடியாது. வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்ல பம்ப் வேலை பாத்த பாக்கி இழுத்துக்கிட்டே கெடந்துச்சு, கடைசில பணமா இல்ல, ஷெட்ல கெடக்கறத எடுத்துட்டுப் போன்னுட்டாங்க, எங்கப்பா லாரி புடிச்சு ஏத்திட்டு வந்துட்டாரு. அரிசி மளிகைக்கு காசு எங்கன்னு கேட்டா துருப்புடிச்ச தகரத்த கொண்டாந்து எறக்குறீங்களேன்னு எங்கம்மா போட்ட சத்தம் அந்த வீதியில இன்னும் பேசுவாங்க. ஒறம்பரைக யாரு வந்தாலும் மொத கேள்வி, இத வித்தா எவ்வளவு வரும்னுதான்.

இது என்ன வண்டின்னு தெரியாதவங்களுக்கு சொல்றனுங்க. ஆக்ஸ்ஃபோர்டுல மோரிஸ் கராஜஸ்னு ஒரு கார் டீலர் கடை, அதுல மேனேஜரா இருந்த சிசில் கிம்பர்ங்கறவரு 1920கள்ல மோரிஸ் காரோட சேஸ், அதாவது அடிச்சட்டம், அது மேல தன் இஷ்டத்துக்கு பாடி கட்டி வித்ததுல பொறந்ததுதான் எம்ஜி. அப்பறம் ஆபிங்டன்ல ஃபேக்டரி, அது 1980ல மூடற வரைக்கும் ஓடுச்சு. (கிம்பர் 1945ல லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷன்ல மெதுவா ஊர்ந்த ரயில் பின்னால சறுக்கி தடம்பொரண்டதுல செத்தாருங்க. ஆயுசு பூரா ஸ்பீடு ஸ்பீடுன்னு இருந்த மனுசன், என்னன்னு சொல்றது.) டிசி 1945ல இருந்து 1949 வரைக்கும்தான் செஞ்சாங்க, மொத்தமே சுமார் 10,000. போர் முடிஞ்சு இங்கிலாந்துல கஜானா காலி, வெளிநாட்டுக்கு வித்து டாலர் கொண்டு வர்ற கம்பெனிக்குத்தான் இரும்பு ஒதுக்குவோம்னு கவர்மெண்டே சொல்லிருச்சு, அதனால உள்ளூர்ல விக்கறதவிட வெளியூருக்கு அனுப்புறதுல மும்முரமா இருந்தாங்க. அமெரிக்காவுக்கு போனது கூட வலது பக்கம் ஸ்டியரிங் வச்சேதான் போச்சு. அப்படி ஒலகம் பூரா செதறுனதுல நம்ம மலைத்தோட்டத்து தொரைமாருக்கும் ஒண்ணு ரெண்டு வந்து சேந்துச்சு.

இன்ஜின் 1250 சிசி, 54 குதிரை சக்தி. இன்னைக்கு சாதாரண 1200 சிசி காருக்கே 80க்கு மேல இருக்குது. ஸ்பீடும் அடிச்சு ஓட்டுனா மணிக்கு 120 கிலோமீட்டருக்கு பக்கத்துல வரும், அவ்வளவுதான். அப்ப என்னதாங்க அதுல இருக்குன்னா, 60ல போறப்பவே போறது தெரியுதுங்க. ஒக்கார்ற எடம் ரோட்டுக்கு அவ்வளவு கிட்ட, கதவ முழங்கை வெளிய நீட்டற மாதிரி சரிவா வெட்டியிருப்பாங்க, முன் கண்ணாடிய பானட் மேல படுக்கப் போட்டுக்கலாம், கீழ போற தார் ரோடு, பக்கத்துல போற மாட்டு வண்டி, இட்டேரில பூத்த ஆவாரம் பூ வாசம், எல்லாம் மேல படும். இப்பத்த காருல கண்ணாடிய ஏத்தி ஏசிய போட்டா 100ல போனாலும் வீட்டு ஹால்ல ஒக்காந்த நெனப்புதான வருது.

ஆழியாறுல இருந்து வால்பாறை ஏறற 40 கொண்டை ஊசி வளைவுல ஒருக்கா இந்த வண்டில போயிப் பாக்கணுமுங்க. கியர் உரசாம சேர வைக்கற சிங்க்ரோமெஷ் மொத கியருக்கு கெடையாது, வளைவுல வேகம் செத்துப்போயி மொதலுக்கு எறங்கணும்னா கிளச்ச ஒருக்கா அமுத்தி நியூட்ரல், ஆக்சிலேட்டர்ல ஒரு தட்டு, மறுக்கா கிளச், அப்பத்தான் சத்தமில்லாம விழும். கால் கணக்கு தப்புனா கியர்பாக்ஸ் போடற சத்தம் கீழ டேம் வரைக்கும் கேக்கும். ஸ்டியரிங் வேற நேர் ரோட்டுலயும் கொஞ்சம் கொஞ்சமா அலையும், இந்த மாடலுக்கே உள்ள கொணம் அது, கைய விட்டுட்டு பழமை பேசிக்கிட்டு ஓட்ட முடியாது. இதெல்லாம் கொறையில்லையான்னா கொறைதான். ஆனா மேல போயி எறங்குனா வண்டி நம்மள கூட்டிட்டு வந்துச்சுன்னு தோணாது, நாம வண்டிய ஏத்திட்டு வந்தோம்னுதான் தோணும். ஒரே வெசனம் அங்க கொரங்குதான். கூரையில்லாத வண்டிய ஓரங்கட்டி வரையாடு நிக்குதான்னு மலைய பாத்துட்டு திரும்பறதுக்குள்ள சீட்ல ஒக்காந்து பிஸ்கட்ட பிரிச்சுட்டிருக்கும்.

வண்டிய ஸ்டார்ட் பண்றதே ஒரு வேலைங்க. சாவிய போட்டதும் இன்ஜின் ஓடாது, டிக் டிக் டிக்னு வேகமா ஒரு சத்தம் வரும், அது எஸ்யூ கம்பெனியோட கரண்ட் பெட்ரோல் பம்ப். பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு விடற கார்புரேட்டரோட கிண்ணம் நெறைய நெறைய டிக்கு டிக்குக்கு நடுவுல இடைவெளி விழும், அப்பறம் நிக்கும். நின்னப்பறம்தான் சோக்க இழுத்து ஸ்டார்ட்டர் குமிழ இழுக்கணும். நிக்காம அடிச்சுக்கிட்டே இருந்தா எங்கியோ பெட்ரோல் ஒழுகுது இல்ல டேங்க்ல பெட்ரோல் இல்ல, எந்தக் கம்ப்யூட்டரும் வேண்டியதில்ல, காது போதும்.

காதுன்னதும் உக்கடத்து மெக்கானிக் பாய் பத்தி சொல்லாம இருக்க முடியாதுங்க. ரெட்டை கார்புரேட்டர் ட்யூனிங்ல அவர அடிச்சுக்க ஆளில்ல. ரெண்டையும் இணைக்கற கம்பியோட கிளாம்ப லூஸ் பண்ணிட்டு, ஒரு முழ ரப்பர் ஓஸ எடுத்து ஒரு முனைய காதுல வச்சுக்குவாரு, மறு முனைய மொத கார்புரேட்டர் வாய்ல புடிப்பாரு, காத்து உள்ள போற உஸ்ஸுன்னு சத்தத்த கேப்பாரு, அப்பறம் அடுத்தது. ரெண்டு உஸ்ஸும் ஒண்ணா வர்ற வரைக்கும் ஸ்க்ரூவ அரைக்கா அரைக்கா திருப்புவாரு. அப்பறம் உள்ள இருக்கற பிஸ்டன ஸ்க்ரூட்ரைவர் நுனியால லேசா தூக்குவாரு. இன்ஜின் வேகம் ஏறி அப்படியே நின்னா பெட்ரோல் ஜாஸ்தி, தடுமாறி அணைஞ்சா கம்மி, சித்தெ ஏறி பழைய வேகத்துக்கே வந்தா சரி. அடியில இருக்கற ஆறு பட்டை நட்ட ஒரு பட்டை மேல, ஒரு பட்டை கீழ, அவ்வளவுதான் ரிப்பேர். பக்கத்துல நின்னு யாராச்சும் பேசுனா போதும், "தம்பி, வாய மூடிட்டு அக்கட்ட போயி நில்லுப்பா"ம்பாரு, கார் ஓனராவே இருந்தாலும் சரி. என்னையவே சொல்லியிருக்காரு.

இனி நம்ம லேத்துக்கு வர்றனுங்க, உங்க வாசகர் ஸ்பேர் கெடைக்காதுன்னாரே, அதுக்கு. அறுபது எழுபதுகள்ல இம்போர்ட் லைசென்ஸ் இல்லாம ஒரு வாஷர் கூட வராது. அப்ப இந்த ஊர் என்ன பண்ணுச்சு? கழட்டுச்சு, அளந்துச்சு, செஞ்சுது. முன் ஆக்ஸில் கிங்பின் புஷ்ஷா, கன்மெட்டல் உருளைய சக்குல புடிச்சு கடஞ்சு போட்டாங்க. வாட்டர் பம்ப் பாடி ஒடஞ்சா பேட்டர்ன்காரரு கட்டையில ஒண்ணு செதுக்கித் தருவாரு, ஃபவுண்டரில ஊத்தி மறு வாரம் வந்துரும், பம்ப் செய்யற ஊருக்கு அது ஒரு வேலையா. பிளாக் தேஞ்சா போரிங் போட்டு ஸ்லீவ் எறக்கறது. 2000ல ஈயம் கலந்த பெட்ரோல் மொத்தமா நின்னப்ப பழைய ஹெட்டுல வால்வு ஒக்கார்ற எடம் தேயுமேன்னு ஊரெல்லாம் பயந்தாங்க, கெட்டியான சீட் ரிங் கடஞ்சு எறக்கிட்டு ஓட்டிட்டுத்தான் இருக்கோம்.

இந்த இன்ஜின்ல ஒரு வேடிக்கை இருக்குதுங்க, எங்கப்பா வர்றவங்ககிட்ட எல்லாம் காட்டுவாரு. போல்ட் தலைக்கு இங்கிலீஷ்கார விட்வொர்த் ஸ்பேனர்தான் சேரும், ஆனா மரைய கேஜ் வச்சு பாத்தா மெட்ரிக். வெள்ளைக்காரன் இஞ்சுல இருந்த காலத்துல எப்படி மில்லிமீட்டர் மரைன்னா, மொத உலகப்போர் சமயத்துல ஹாட்ச்கிஸ்ங்கற பிரெஞ்சு கம்பெனி கோவென்ட்ரில வந்து போட்ட ஃபேக்டரிய 1923ல மோரிஸ் வாங்கிட்டாங்க, இந்த இன்ஜின் அங்க செஞ்சதுதான், மெஷின் பூரா பிரெஞ்சு அளவு, மாத்த செலவாகும்னு மரைய அப்படியே விட்டுட்டு தலைய மட்டும் உள்ளூர் ஸ்பேனருக்கு தோதா செஞ்சாங்க. சிக்கனம்னா நம்மூர்க்காரங்கதான்னு நெனச்சுட்டிருந்தேன், அங்கயும் அதே கதைதான்.

அப்பறம் எல்லாரும் சிரிக்கற ஆயில் ஒழுக்கு. இங்கிலீஷ் வண்டி நின்ன எடத்துல ஆயில் இருக்கும்பாங்க, வாஸ்தவம்தான். காரணம் தெரிஞ்சா சிரிக்க மாட்டீங்க. இந்த இன்ஜின்ல கிராங்க் பின் முனையில ரப்பர் சீலே கெடையாது. ஷாஃப்ட் மேலயே திருகு மாதிரி ஒரு மரைய வெட்டி, அத சுத்தி மயிரிழை இடைவெளி விட்டு அலுமினிய மூடி. ஷாஃப்ட் சுத்தறப்ப அந்த மரை வெளிய வர்ற ஆயில உள்ள தள்ளிக்கிட்டே இருக்கும். வண்டி நின்னா தள்ள ஆளில்ல, சொட்டும். தேயறதுக்கு சீல் உதடு இல்ல, வெடிக்கறதுக்கு ரப்பர் இல்ல, எவனோ ஒரு லேத்காரன் மூளைதான் அது, நான் மொத மொத கழட்டிப் பாத்தப்ப வேலைய விட்டுட்டு பாத்துட்டே நின்னேன். அந்த இடைவெளிய மறுக்கா சரியா கொண்டு வந்துட்டா சொட்டு கொறையும். சுத்தமா நிக்காது, அடியில ஒரு தட்டு வச்சுக்க வேண்டியதுதான்.

அடிமை புத்திங்கறாரே, அதுதான் எனக்கு சுருக்குன்னு இருந்துச்சுங்க. கலங்கல் கிராமத்துல ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிட்டு வந்த ரட்ஜ் மோட்டார்சைக்கிள பாத்து சொக்கிப்போயி, கோயமுத்தூர் வந்து ஓட்டல்ல வேலை பாத்து காசு சேத்து, அதே வண்டிய வாங்கி பார்ட் பார்ட்டா பிரிச்சு மாட்டுன பையன்தான் நம்ம ஜி.டி.நாயுடு. அதுக்கப்பறம்தான் 1920ல பொள்ளாச்சி பழனி பஸ், மத்ததெல்லாம். அவரு பேர்ல இருக்கற கம்பெனிக்காரங்க அவிநாசி ரோட்டுல கார் மியூசியமே வச்சிருக்காங்க, அந்த அய்யா ஒருக்கா போயி பாத்துட்டு வரட்டும். மில்லுகளுக்கு நூல் மெஷின் இங்கிலாந்துல இருந்துதான் வந்துச்சு, கெணத்து மேட்டு ஆயில் இன்ஜினும் அங்க இருந்துதான் வந்துச்சு, பிரிச்சுப் பாத்தோம், நாமளே செஞ்சோம், ஊரு பொளச்சுது. அதே வேலைய காருக்கு செஞ்சா மட்டும் அடிமைத்தனமா?

இன்னொண்ணு, இந்த வண்டிக நமக்கு அன்னியமே இல்லீங்க. நம்ம அம்பாசடர எடுங்க, 2014 வரைக்கும் வந்துச்சு, அது மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுதான்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா வருசக்கணக்கா அதுல ஓடுன 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் 1955ல வந்த எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் கார் இன்ஜினோட கூடப் பொறந்ததுன்னு எத்தன பேருக்கு தெரியும்? ஒரே குடும்பம், ஒரே சிசி, அதுல ரெட்டை கார்புரேட்டர் போட்டு 70 குதிரை பக்கம் எடுத்தாங்க, இங்க கல்யாணத்துக்கு ஏழு பேர ஏத்திட்டு திருப்பூர் போயிட்டு வந்துச்சு. அதே மாதிரி மெட்ராஸ்ல செஞ்ச ஸ்டாண்டர்டு ஹெரால்டு, டாக்டருங்க, காலேஜ் வாத்தியாருங்க எல்லாம் வச்சிருந்தாங்களே, மட்கார்டோட சேத்து முன்பக்கம் பூராவும் தூக்கற பானட், அந்த சேஸ நீளம் கொறச்சு மேல ரெண்டு சீட் பாடி வச்சதுதான் 1962ல வந்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். அதனாலதான் நம்ம பழைய மெக்கானிக்குகளுக்கு இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் காரப் பாத்தா பயமே வராது, பங்காளி வீட்டுப் பையன் வந்த கணக்குதான்.

சில எம்ஜில ஒரிஜினல் இன்ஜின் செத்துப்போயி அம்பாசடர் இன்ஜின ஏத்தி ஓட்டிட்டிருப்பாங்க. இப்ப புதுசா பணத்தோட வர்றவங்க அத பாத்தா மூஞ்சிய சுளிக்கறாங்க. எனக்கு அது புடிக்கறதில்லீங்க. அந்த இன்ஜின் ஏத்தலைன்னா அந்த வண்டி அன்னிக்கே எடைக்குப் போயிருக்கும். 2021ல மத்திய அரசு 50 வருசம் தாண்டுன வண்டிக்கு தனி ரூல் போட்டாங்க, விஏன்னு நம்பர்ல வரும், புதுசா பதிய 20,000 ரூபா, 10 வருசத்துக்கு செல்லும், தெனசரி ஓட்டக்கூடாது, கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு இதுக்கெல்லாம் எடுக்கலாம். ரூல் வந்தது நல்லதுதான், சந்தேகமில்ல. ஆனா சேஸ், பாடி, இன்ஜின்ல மாத்தம் இருக்கக்கூடாதுன்னு ஒரு வரி அதுல இருக்குது. அத எழுத்துக்கு எழுத்து புடிச்சா அந்தக் காலத்துல ஸ்பேர் வராம அம்பாசடர் இன்ஜின் போட்டுக் காப்பாத்துன வண்டிகதான் மொதல்ல அடிபடும். இத யாராச்சும் வெவரமானவங்க எடுத்து எழுதுனா தேவல.

எத்தனால் சமாச்சாரமும் அதே மாதிரிதான். 2023ல ஆரம்பிச்சு இப்ப எந்த பங்க்குல போனாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்ததுதான் சாதாரண பெட்ரோல். சத்தியமங்கலத்துக் கரும்புக்காரருக்கு ரெண்டு காசு கூடக் கெடைக்கும்னா நான் குறுக்க நிக்க மாட்டனுங்க, எங்க மச்சானும் கரும்புதான் போட்டிருக்காரு. ஆனா எத்தனால் தண்ணிய இழுக்கும், பழைய ரப்பர ஊற வச்சு கொழகொழன்னு ஆக்கும். இந்த கார்புரேட்டர் அடியில ஜெட்ட சுத்தி தக்கையில செஞ்ச சின்ன வளையம் சீலா இருக்கும், அது போச்சுன்னா பெட்ரோல் நேரா சூடான எக்ஸாஸ்ட் மேல சொட்டும், ஏன்னா கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம். சித்திரை வெயில்ல அவிநாசி ரோட்டு டிராஃபிக்ல நின்னா வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம். பழைய வண்டி வச்சிருக்கற எல்லாருக்கும் சொல்றேன், எம்ஜியோ, ஹெரால்டோ, அம்பாசடரோ, தாத்தா வச்சிட்டுப்போன புல்லட்டோ, ஓஸ் பூராவும் எத்தனால் தாங்கற ரகமா மாத்திப்போடுங்க, மிக்ஸ்சர ஒரு பட்டை கூட்டி வைங்க, மாசக்கணக்குல நிறுத்தறதுன்னா டேங்க காலி பண்ணிருங்க. தீயணைப்பான் ஒண்ணு சீட்டுக்கு பின்னால கெடக்கட்டும்.

பந்தா பண்றவங்க இல்லவே இல்லைன்னு சொல்ல வரலீங்க. வாங்கி, கவர் போட்டு மூடி, வெலை ஏறுதான்னு பாத்துட்டு ஒக்காந்திருக்கறவங்க இருக்காங்க, ராலி அன்னிக்கு லாரில ஏத்திட்டு வந்து எறக்கி போட்டோ புடிச்சுட்டு மறுக்கா ஏத்திட்டுப் போறவங்களும் இருக்காங்க. அவங்க மேல உங்க வாசகருக்கு கோவம்னா நானும் சேந்துக்கறேன். ஆனா பாதுகாப்பு, சௌகரியம், மைலேஜ் எல்லாம் பாத்தா இந்த வண்டிய யாருமே வாங்கக்கூடாது. பெல்ட் இல்ல, ஏர்பேக் இல்ல, நாலு வீலுக்கும் டிரம் பிரேக், முன்னால போற பஸ் டக்குன்னு நின்னா குலதெய்வம்தான் காப்பாத்தணும். அதே ரகத்துல ஆயில் ஒழுகாத வண்டி வேணும்னு 1989ல ஜப்பான்காரன் மாஸ்டா எம்எக்ஸ்-5 செஞ்சான், பழைய இங்கிலீஷ் வண்டிகள பாத்து செஞ்சதுதான், நல்ல வண்டி. ஓட்டறதுக்கு மட்டும்னா அதுவே போதும். எனக்கு ஞாயித்துக்கிழமை கழட்டறதுக்கும் ஒண்ணு வேணும்.

கடைசியா உங்களுக்குத்தான் ஒண்ணு சொல்லணுமுங்க. வருசா வருசம் பழைய கார் கண்காட்சி நடந்தா உங்க பேப்பர்ல போட்டோ வருது, கார் ஓனர் பேரு வருது, தொடங்கி வச்ச பெரிய மனுசர் பேரு வருது. அந்த வண்டிய எழுப்பி ஓட வச்ச மெக்கானிக், டிங்கர், பேட்டர்ன்காரர், டர்னர் பேரு ஒரு தடவையாச்சும் வந்திருக்குதா? 2020ல பிஎஸ்6ங்கற புகைக் கட்டுப்பாட்டு ரூல் வந்தப்பறம் பைக்குலயே முக்காவாசி கார்புரேட்டர் போயிருச்சு, ஐடிஐ படிச்சுட்டு எங்க பட்டறைக்கு வர்ற பசங்க ரெட்டை கார்புரேட்டர கையில தொட்டதே இல்ல. பாய்க்கு இப்ப ஒரு காது சரியாக் கேக்கறதில்ல, இன்னொரு காதுல ஓஸ வச்சுட்டு வேலை பாக்கறாரு, அவர்கிட்ட கத்துக்க வந்து ஒக்காந்திருக்கறது எங்க வீட்டுப் பையன் ஒருத்தன்தான், அவனும் காலேஜ் லீவுலதான் வர்றான். அடுத்த கண்காட்சிக்கு முன்னாடி ஒரு நிருபர அனுப்புங்க, இவங்க நாலு பேர பாத்து எழுதட்டும், அட்ரஸ் நான் தர்றேன். மத்தியானத்துக்கு மேல வரச் சொல்லுங்க, காலைல எல்லாம் பம்ப் வேலை.

இப்படிக்கு,
லேத் பட்டறைக்காரர் ஒருத்தர்,
கணபதி, கோயமுத்தூர்.